மேமோகிராமில் கால்சியத் துகள் தெரிந்தால்: மும்பையில் பயாப்ஸி வரை ஒரு வழிகாட்டி

செம்பூரில் ஒரு ஸ்கேன் சென்டரின் மாடிப்படியில் உட்கார்ந்து என் மேமோகிராம் (மார்பு எக்ஸ்ரே) ரிப்போர்ட்டைப் பிரித்தபோது எனக்கு வயது 48. கட்டி இல்லை, வலி இல்லை. ஆபீசில் வருடா வருடம் செய்யும் உடல் பரிசோதனையோடு சேர்த்து எடுத்த படம், அவ்வளவுதான். கடைசி வரியில் ‘இடது மார்பின் மேல் வெளிப்பகுதியில் கூட்டமாக மைக்ரோகால்சிஃபிகேஷன், பைராட்ஸ் 4பி’ என்று இருந்தது. அன்றைக்கு ஆரம்பித்து, நம்பக்கூடிய ஒரு பயாப்ஸி ரிப்போர்ட், அதாவது திசுவைத் துண்டெடுத்துச் சோதித்த முடிவு, கையில் வர 71 நாள் ஆனது. வழி தெரிந்திருந்தால் மூன்று வாரத்தில் முடிந்திருக்கும் வேலை.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவள், டாக்டர் இல்லை. எந்தச் சிகிச்சை நல்லது என்று இங்கே சொல்லப் போவதில்லை. எந்தக் காகிதத்தை எப்போது வாங்க வேண்டும், எந்தக் கேள்வியை எந்தக் கவுன்டரில் கேட்க வேண்டும், எங்கே காசும் நாளும் வீணாகும் என்பதை மட்டும் சொல்கிறேன். தொகைகள் எல்லாம் என் பில்களில் இருந்தவை. உங்களுக்குக் கூடும், குறையும்.

1. ரிப்போர்ட்டைக் கடைசி வரியிலிருந்து படியுங்கள்

மைக்ரோகால்சிஃபிகேஷன் என்பது திசுவுக்குள் படிந்த கால்சியத் துகள்கள். ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டருக்கும் சிறியது. கோலமாவை இரண்டு விரலால் எடுத்து ஓர் இடத்தில் தூவியது போல் படத்தில் தெரியும். கையால் தடவினால் எதுவும் தட்டுப்படாது. ‘நான் தடவிப் பார்த்தேன், ஒண்ணுமில்லை’ என்று யார் சொன்னாலும், டாக்டரே சொன்னாலும், இந்த விஷயத்தில் அது பதில் ஆகாது.

துகள் இருந்தாலே புற்று என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் சாதாரணக் காரணம்தான்: வயது, பழைய காயம், நார்க்கட்டி, ரத்தக்குழாய்ச் சுவரில் படிவு. ரிப்போர்ட்டில் ‘பாப்கார்ன்’, ‘வாஸ்குலர்’, ‘ரிம்’ போன்ற சொற்கள் இருந்தால் அவை பொதுவாக ஆபத்தில்லாதவை. ‘ஃபைன் லீனியர் பிராஞ்சிங்’, அதாவது மெல்லிய கோடாகக் கிளை பிரிந்து போகிறது என்று இருந்தால் சந்தேகம் அதிகம். துகள்கள் ‘குரூப்டு’, ‘லீனியர்’, ‘செக்மென்டல்’ என்று ஓர் இடத்திலோ ஒரு பாதையிலோ சேர்ந்திருந்தாலும் டாக்டர்கள் கவனமாகப் பார்ப்பார்கள்.

அடுத்து பைராட்ஸ் எண், அதாவது படத்தில் புற்றுச் சந்தேகம் எவ்வளவு என்று காட்டும் எண். இதில் பலர் ஏமாறும் இடம் பூஜ்யம். 0 என்றால் ‘ஒன்றும் இல்லை’ என்று அர்த்தம் இல்லை. ‘இந்தப் படம் போதாது, இன்னும் எடுக்க வேண்டும்’ என்று அர்த்தம். எங்கள் கட்டடத்தில் ஓர் அக்கா பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு சாமிக்குத் தேங்காய் உடைத்து ஃபைலை பீரோவில் வைத்துவிட்டார். ஐந்து மாதம் அது அங்கேயே இருந்தது. 1, 2 இரண்டும் நிம்மதி. 3 என்றால் புற்றாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்குள். ஆறு மாதத்தில் மறுபடி படம் எடுக்கச் சொல்வார்கள், அந்தத் தேதியைத் தவற விடாதீர்கள். 4 என்றால் பயாப்ஸி. அதிலேயே 4ஏ என்றால் 2 முதல் 10 சதவீதம், 4பி 10 முதல் 50, 4சி 50 முதல் 95. 5 என்றால் 95க்கும் மேல்.

அப்புறம் ஒன்று. என் மாமியார் செய்தி கேட்டதும் முதலில் சொன்னது: “வெத்தலைக்குச் சுண்ணாம்பைக் குறைச்சுத் தடவுன்னு எத்தனை தடவை சொன்னேன்.” பாலையும் கேழ்வரகையும்கூட ஒரு வாரம் நிறுத்திவிட்டார்கள். சாப்பிடும் கால்சியத்துக்கும் இந்தத் துகளுக்கும் சம்பந்தமே இல்லை. டாக்டர் கொடுத்த கால்சியம் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

2. பழைய படங்களைத் தேடி எடுங்கள்

பயாப்ஸிக்கு ஓடும் முன் இதைச் செய்யுங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு முன் எடுத்த படத்திலும் அதே துகள் அதே எண்ணிக்கையில் இருந்தால் கதையே வேறு. புதிதாக வந்ததா, கூடியிருக்கிறதா என்பதுதான் ரேடியாலஜிஸ்ட்டுக்கு, அதாவது படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டருக்கு, வேண்டிய தகவல். ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எண்ணையே மாற்றி எழுதுவதும் உண்டு.

ஃபிலிமை விட சிடி முக்கியம். ஃபிலிமைப் போனில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. அரை மில்லிமீட்டர் துகள் அதில் எங்கே தெரியும்? ‘டைகாம் ஃபார்மட்டில் சிடி வேண்டும்’ என்று கவுன்டரில் கேளுங்கள். இப்போது பல டாக்டர்களின் கம்ப்யூட்டரில் சிடி போடும் இடமே இல்லை, அதனால் வீட்டுக்கு வந்ததும் ஒரு பென் டிரைவில் முழுதாக நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய படம் ஊரில் எடுத்ததாக இருந்தால், மதுரையோ திருநெல்வேலியோ, அந்த சென்டருக்குப் போன் செய்து கேளுங்கள். எல்லா இடத்திலும் வைத்திருக்க மாட்டார்கள். கேட்பதற்குச் செலவில்லை.

3. மேக்னிஃபிகேஷன் படம் எடுத்தார்களா என்று பாருங்கள்

சாதாரண மேமோகிராமில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு படம். துகள்களின் வடிவம் சரியாகத் தெரிய, அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கி இன்னும் இரண்டு எடுக்க வேண்டும். இதற்குத்தான் மேக்னிஃபிகேஷன் வியூ என்று பெயர். இல்லாமலே 4 என்று எழுதியிருந்தால், பயாப்ஸிக்கு முன் எடுத்துவிடுவது நல்லது. எனக்கு முழு மேமோகிராமுக்கு 2,800 ரூபாய், இந்தக் கூடுதல் படத்துக்கு 900.

போகும் நாளில் அக்குளில் டியோடரன்ட், பவுடர், க்ரீம், விபூதி, எதுவும் வேண்டாம். இவற்றில் உள்ள துகள்கள் படத்தில் அப்படியே கால்சியம் போல் விழும். மே மாத மும்பையில் பவுடர் போடாமல் ரயில் ஏறுவது கஷ்டம்தான். ஒரு ஈரத் துண்டை எடுத்துப் போய் அங்கேயே துடைத்துக்கொள்ளுங்கள். மாதவிலக்கு நிற்காதவர்கள், அது தொடங்கிய நாளிலிருந்து இரண்டாவது வாரத்தில் தேதி வாங்கினால் அழுத்தும்போது வலி குறைவு. புடவையை விட இரண்டு பீஸ் உடை வசதி.

4. எந்த பயாப்ஸி என்று கேளுங்கள்: நான் கோட்டை விட்டது இங்கேதான்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

கட்டி என்றால் அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே ஊசியை விட்டு எடுப்பார்கள். மலிவு, சீக்கிரம் முடியும். ஆனால் கட்டி இல்லாத வெறும் மைக்ரோகால்சிஃபிகேஷன் அல்ட்ராசவுண்டில் பெரும்பாலும் தெரியாது. தெரியாத ஒன்றைக் குறி வைத்து ஊசி குத்த முடியாது. மேமோகிராமில் தெரிந்ததை மேமோகிராமைப் பார்த்துக்கொண்டேதான் எடுக்க வேண்டும். அதற்கு ஸ்டீரியோடாக்டிக் பயாப்ஸி என்று பெயர். இரண்டு கோணத்தில் படம் எடுத்து, துகள் எத்தனை மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று மிஷின் கணக்கிட்டுச் சொல்லும். அதோடு வேக்யூம் (உறிஞ்சி எடுக்கும்) ஊசியும் சேர்ந்தால் ஒரே துளை வழியாகப் பல துண்டு எடுக்கலாம்.

நான் முதலில் போன இடத்தில் அந்த மிஷின் இல்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் வேறு இடம் பார்த்திருப்பேன். ‘அல்ட்ராசவுண்டிலேயே எடுத்துடலாம் மேடம், அதே ஏரியாதான்’ என்றார்கள். 14,000 ரூபாய் கட்டினேன். ஆறாவது நாள் ரிப்போர்ட் வந்தது: ஃபைப்ரோசிஸ்டிக் மாற்றம், புற்று இல்லை. ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார்கள். வீட்டில் பாயசம் வைத்தோம்.

ஒரு மாதம் கழித்து, டயமண்ட் கார்டனில் காலையில் நடக்க வரும் ஓய்வுபெற்ற பேத்தாலஜி (திசுவை மைக்ராஸ்கோப்பில் சோதிக்கும்) டாக்டரம்மாவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். மறுநாள் ரிப்போர்ட்டைக் கொண்டுவரச் சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, காகிதத்தை மூக்கருகே பிடித்து இரண்டு முறை படித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

“எல்லாம் சரிம்மா. கால்சியம் எங்கே?”

எனக்குப் புரியவில்லை. “கால்சியம் இருக்குன்னுதானே உனக்குக் குத்தினாங்க? எடுத்த துண்டுல கால்சியம்னு ஒரு வார்த்தை இல்லையே. அப்போ அவங்க எடுத்தது பக்கத்து இடம்.”

கடையில் காணாமல் போன பொருளைத் தேடி, அடுத்த கடையில் ஸ்டாக் எடுத்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டது போல. கணக்குப் பார்க்கிற எனக்கே இது தோன்றாமல் போனதுதான் ஆச்சரியம். அதற்குப் பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் நான் கேட்டது இந்த ஒரே கேள்விதான்: அந்தத் துகள் இதில் இருக்கிறதா?

ஆகவே பணம் கட்டும் முன் போனிலேயே மூன்று விஷயம் கேளுங்கள். ஸ்டீரியோடாக்டிக் வசதி உங்களிடமே இருக்கிறதா? எடுத்த துண்டுகளை அங்கேயே எக்ஸ்ரே எடுத்துக் கால்சியம் வந்ததா என்று பார்ப்பீர்களா? கடைசியில், எடுத்த இடத்தின் அடையாளத்துக்குக் கிளிப் வைப்பீர்களா? மூன்றுக்கும் ஆமாம் என்று வந்தால் மட்டும் தேதி வாங்குங்கள். மும்பையில் பெரிய ஆஸ்பத்திரிகளிலும், மார்புப் பரிசோதனையையே முக்கியமாகச் செய்யும் சில சென்டர்களிலும் இது உண்டு. தெரு மூலையில் உள்ள ஸ்கேன் சென்டரில் எதிர்பார்க்க முடியாது.

ஒரு விதிவிலக்கு. சிலருக்குத் துகளோடு கட்டியும் சேர்ந்து இருக்கும், அது அல்ட்ராசவுண்டில் தெளிவாகத் தெரியும். அப்போது அல்ட்ராசவுண்ட் வழி சரியே. மார்பு ரொம்ப மெல்லியதாக இருந்தாலோ துகள் தோலை ஒட்டி இருந்தாலோ ஸ்டீரியோடாக்டிக் முடியாமல் போகலாம். அவர்களுக்கு ஒரு மெல்லிய கம்பியைத் துகள் இருக்கும் இடம் வரை விட்டு, அதைப் பிடித்துக்கொண்டு ஆபரேஷன் தியேட்டரில் அந்தப் பகுதியை வெட்டி எடுப்பார்கள்.

5. போகும் முன்: காகிதம், காசு, பெயர்

ஃபைலில் இருக்க வேண்டியவை: மேமோகிராம் சிடியும் ரிப்போர்ட்டும், பழைய படங்கள், பயாப்ஸி செய்யச் சொல்லி டாக்டர் எழுதிய சீட்டு, ஆதார் நகல், இன்சூரன்ஸ் கார்டு, சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்றவை சாப்பிடுகிறவர்கள் தேதி வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது. இதய டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

டாக்டர் சீட்டின் தேதி பில் தேதிக்கு முந்தியதாக இருக்கட்டும். பின்னால் இன்சூரன்ஸுக்கு இது தேவைப்படும்.

இப்போது நம் ஆட்களுக்கே உரிய தலைவலி: இனிஷியல். ஆதாரில் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல். பாலிசியில் இனிஷியல் பின்னால். இங்கே ஃபாரத்தில் ‘சர்நேம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அது காலியாக இருந்தால் கவுன்டரில் இருப்பவர் கை சும்மா இருக்காது, கணவர் பெயரை எழுதிவிடுவார். எனக்கு நான்கு ரிப்போர்ட்டில் மூன்று பெயர். ஒவ்வொன்றையும் திருத்தக் கடிதம் எழுதி, சீல் வாங்கி, இரண்டு வாரம் போனது. முதல் நாளே ஆதாரை நீட்டி, ‘இதில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து போடுங்கள்’ என்று சொல்லி, ரசீது வந்ததும் அங்கேயே நின்று சரிபாருங்கள். இடது, வலது என்பதையும் பாருங்கள்.

செலவு: எனக்கு ஸ்டீரியோடாக்டிக் வேக்யூம் பயாப்ஸிக்கு 46,000. இதில் பாதிக்குக் கிட்டே ஊசியின் விலை மட்டும். ஒரு முறைதான் உபயோகிக்கலாம். கிளிப் 5,500. பேத்தாலஜி 3,800. போனில் சொல்லும் ரேட்டில் கிளிப்பும் பேத்தாலஜியும் சேர்த்தியா என்று கேளுங்கள். சேராது. தனியார் ரேட்டில் முடியாதவர்கள் ஒன்பதாவது பகுதியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

6. பயாப்ஸி நாள்

சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன், மரத்துப்போக ஊசி போடுவதுதான், மயக்க மருந்து இல்லை. சில இடங்களில் ஓட்டை உள்ள மேஜையில் குப்புறப் படுக்க வைப்பார்கள். சில இடங்களில் நாற்காலியில் உட்கார வைத்தே செய்வார்கள். எப்படியானாலும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் மார்பை அழுத்திய நிலையில் அசையாமல் இருக்க வேண்டும். ஊசியை விட கழுத்து வலிதான் எனக்கு அதிகம். டெக்னீஷியன் இந்தியில் ‘சாஸ் ரோக்கோ’ என்பார்; மூச்சை அடக்கச் சொல்கிறார். இந்தி தெரியாத அம்மாவையோ அத்தையையோ கூட்டிப் போகிறீர்கள் என்றால் இந்த இரண்டு வார்த்தையையும், மூச்சு விடலாம் என்பதற்கு ‘சாஸ் லோ’ என்பதையும் ரயிலிலேயே சொல்லிக் கொடுத்துவிடுங்கள். மூச்சு விட்டால் துகள் நகர்ந்துவிடும், மறுபடி முதலிலிருந்து படம் எடுக்க வேண்டும். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் யாராவது தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்பதும் அவர்கள் உரிமை.

எனக்கு ஒன்பது துண்டு எடுத்தார்கள். ஒவ்வொன்றும் ஊறிய சேமியா மாதிரி. அவற்றை ஒரு சின்னத் தட்டில் வரிசையாக வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். நான் கேட்டதால் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார் டாக்டர். சாம்பல் நிறக் கோடுகள் ஒன்பது. அவற்றில் மூன்றாவதிலும் நான்காவதிலும் மட்டும் வெள்ளைப் புள்ளிகள், ஊசி முனையால் குத்தியது போல. இரண்டு மாதமாக என்னைத் தூங்க விடாத சாமான் அவ்வளவுதான். இந்த எக்ஸ்ரேயில் புள்ளி தெரியாவிட்டால் அங்கேயே இன்னும் எடுப்பார்கள். புள்ளியைப் பார்க்காமல் மேஜையை விட்டு எழுந்திருக்காதீர்கள். அந்த எக்ஸ்ரேயின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

கிளிப் என்பது எள்ளளவு உலோகத் துணுக்கு. எடுத்த இடத்தின் அடையாளத்துக்கு உள்ளேயே விட்டுவிடுவார்கள். துகள் முழுக்க ஊசியோடு வந்துவிட்டால், பின்னால் ஆபரேஷன் தேவைப்பட்டால் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் இது. வலிக்காது, ஏர்போர்ட்டில் சத்தம் போடாது. சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று கடைசியில் சாதாரண மேமோகிராம் ஒன்று எடுப்பார்கள்.

வீட்டுக்கு வந்து ஐஸ் வைத்து இறுக்கமான உள்ளாடையோடு இருங்கள். இரண்டு நாள் கனம் தூக்கக் கூடாது. எங்கள் கட்டடத்தில் காலை 6 மணிக்கு ஒரு மணி நேரம்தான் தண்ணீர். மறுநாளே பழக்க தோஷத்தில் பக்கெட்டைத் தூக்கி, கத்தரிக்காய் நிறத்தில் ஒரு வாரம் வீக்கம். வீட்டில் வேறு யாராவது தூக்கட்டும்.

7. பாட்டிலைப் பின்தொடருங்கள்

எடுத்த துண்டுகள் ஃபார்மலின் பாட்டிலுக்குப் போகும். கால்சியம் உள்ள துண்டுகளைத் தனிப் பாட்டிலில் போடச் சொல்லுங்கள். நல்ல இடங்களில் அவர்களே செய்வார்கள். லேபிளில் பெயர், பக்கம், எடுத்த நேரம். பல சென்டர்கள் பாட்டிலை வேறு லேபுக்கு அனுப்பும், அந்த லேபின் பெயரையும் சாம்பிள் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பேத்தாலஜி கோரிக்கைப் படிவத்தில் ‘மைக்ரோகால்சிஃபிகேஷனுக்காக எடுத்தது’ என்று எழுதியிருக்க வேண்டும். அதோடு எக்ஸ்ரே நகலும் போனால் இன்னும் நல்லது. தெரியாமல் தேடுபவருக்குத் துகள் கண்ணில் படாமலும் போகலாம்.

ரிப்போர்ட் வர எனக்கு வேலை நாள் ஐந்து. கூடுதல் ஸ்டெயின் (வேறு சாயம் ஏற்றிப் பார்ப்பது) கேட்டால் இன்னும் மூன்று நான்கு நாள்.

8. பயாப்ஸி ரிப்போர்ட்டில் தேட வேண்டிய வரி

புற்று உண்டா இல்லையா என்பதைத்தான் எல்லோரும் முதலில் தேடுவோம், அது இயல்பு. அதற்கு அடுத்ததாக, ‘மைக்ரோகால்சிஃபிகேஷன் சீன்’ (துகள் காணப்பட்டது) என்ற வரி இருக்கிறதா, எந்தத் திசுவோடு சேர்ந்து இருக்கிறது என்பதைப் பாருங்கள். ‘ஸ்க்ளிரோசிங் அடினோசிஸ்’, ‘ஃபைப்ரோஅடினோமா’, ‘காலம்னர் செல் மாற்றம்’ போன்ற புற்றல்லாதவற்றோடு கால்சியம் இருக்கிறது என்றால் துகளுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. புற்று இல்லை, ஆனால் கால்சியமும் இல்லை என்றால் என் முதல் ரிப்போர்ட்டின் கதைதான்.

அப்போது லேபுக்குப் போன் போட்டுக் கேட்கலாம். பிளாக்கை, அதாவது திசுவைப் பதித்த மெழுகுக் கட்டியை, இன்னும் ஆழமாகச் சீவிப் பார்ப்பார்கள்; பிளாக்கையே எக்ஸ்ரே எடுத்துத் துகள் எதில் இருக்கிறது என்று தேடுவார்கள். கால்சியம் ஆக்சலேட் என்ற வகைத் துகள் வழக்கமான சாயத்தில் தெரியாது, போலரைஸ்டு வெளிச்சத்தில் பார்த்தால்தான் மின்னும். இதையெல்லாம் செய்தும் கிடைக்காவிட்டால் மறுபடி பயாப்ஸிதான். இன்னொரு நுணுக்கமும் உண்டு. மைக்ராஸ்கோப்பில் தெரியும் மிகச் சின்னத் துகள்கள், அதாவது 100 மைக்ரானுக்குக் குறைந்தவை, மேமோகிராமில் தெரியவே தெரியாது. ஸ்லைடில் ஏதோ ஒரு சின்னத் துகள் கிடைத்ததால் படத்தில் தெரிந்தது அதுதான் என்று முடிவு கட்ட முடியாது. ஆகவே ரிப்போர்ட்டை வாங்கியதும் பயாப்ஸி செய்த ரேடியாலஜிஸ்ட்டிடம் எடுத்துப் போய், ‘இது படத்தோடு பொருந்துகிறதா?’ என்று கேட்டு, பொருந்துகிறது என்று எழுதி வாங்குங்கள். ‘கன்கார்டன்ட்’ என்று எழுதுவார்கள். ஒரே வார்த்தைதான், அதற்காக நான் இரண்டாம் முறை ஆட்டோ பிடித்துப் போனேன்.

எனக்கு வந்தது டிசிஐஎஸ். புற்றுச் செல்கள் பால் குழாய்க்குள்ளேயே அடங்கி, வெளியே பரவாத நிலை. ஸ்டேஜ் 0 என்பார்கள். மைக்ரோகால்சிஃபிகேஷனாகத்தான் இது பெரும்பாலும் தலைகாட்டும்.

கழுத்து ஸ்கேன் ரிப்போர்ட்டோடு இதைப் படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தைராய்டு கட்டியிலும் இதே போல் துகள் வரும். அங்கே எண்ணுக்கு டைராட்ஸ் என்று பெயர். பைராட்ஸ் சதவீதத்தை அங்கே பொருத்திப் பார்க்காதீர்கள். தைராய்டு விஷயத்தில் அல்ட்ராசவுண்டில் பார்த்து மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுப்பதே சரியான வழி. ரிப்போர்ட்டில் ‘சாமோமா பாடி’ என்று இருந்தால், அது வெங்காயம் போல் அடுக்கடுக்காக வட்டமாகப் படிந்த கால்சிய உருண்டை. கிரேக்கத்தில் மணல் என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். தைராய்டில் அது தென்பட்டால் பேபிலரி வகைப் புற்றை நினைப்பார்கள். கருப்பை ஓரச் சூலகத்திலும், மூளை உறையில் வரும் மெனிஞ்சியோமாவிலும்கூட இது வருவதுண்டு. மெனிஞ்சியோமா பெரும்பாலும் புற்று வகையே இல்லை. எந்த உறுப்பு என்று பார்க்காமல் அந்த வார்த்தையை மட்டும் வைத்துக் கூகுளில் தேடினால் ராத்தூக்கம் போகும்.

9. ஸ்லைடு, பிளாக், பரேல்

டிசிஐஎஸ் போன்ற முடிவை இன்னொரு பேத்தாலஜிஸ்ட் பார்ப்பது நல்லது. அதற்கு ரிப்போர்ட் காகிதம் போதாது. ஸ்லைடும், மெழுகில் பதித்த பிளாக்கும் வேண்டும். லேபில் எழுதிக் கொடுத்தால் தருவார்கள். ‘ஸ்லைடு மட்டும்தான் தருவோம்’ என்றால், கேட்கும் ஆஸ்பத்திரியின் சீட்டைக் காட்டுங்கள். வாங்கும்போது ஒவ்வொன்றின் எண்ணையும் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணோடு ஒத்துப் பாருங்கள். ஸ்லைடைப் பிளாஸ்டிக் பெட்டியில்தான் எடுத்துப் போக வேண்டும், செய்தித்தாளில் சுற்றினால் விரிசல் விடும். பிளாக் மெழுகு என்பதால் வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டு இட்லி சாப்பிடப் போகாதீர்கள்.

இதற்குப் பலரும் போகும் டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரி பரேலில், கே.இ.எம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில். செம்பூரிலிருந்து ஹார்பர் லைனில் குர்லா வந்து, சென்ட்ரல் லைன் ஸ்லோ வண்டியில் பரேல். மாதுங்கா, சயான், தாராவிப் பக்கம் உள்ளவர்களுக்கு நேர் வண்டி. வெஸ்டர்ன் லைன் என்றால் பிரபாதேவியில் இறங்கிப் பாலம் ஏறிக் கடக்க வேண்டும். முதல் நாள் பதிவுக்குக் காலை சீக்கிரமே போய்விடுங்கள். மத்தியானம் வரை ஆகும் என்று வைத்துக்கொண்டு டிபன் கட்டி எடுத்துப் போங்கள். ஜெனரலா பிரைவேட்டா என்று கேட்பார்கள். ஜெனரலில் கட்டணம் பல மடங்கு குறைவு, காத்திருப்பு அதிகம். இடையில் மாற்றிக்கொள்வது அலைச்சல், அதனால் வீட்டிலேயே பேசி முடிவு செய்துவிட்டுப் போங்கள்.

அரசுத் திட்டத்தில் போகிறவர்களுக்கு: மகாராஷ்டிராவின் மகாத்மா ஜோதிராவ் புலே திட்டத்துக்கு இந்த மாநில ரேஷன் கார்டு முக்கியம். ஊரில் அம்மா வீட்டுக் கார்டில் பெயர் இருக்கிறது என்று சொல்லி இங்கே பலன் இல்லை. ஆயுஷ்மான் பாரத் கார்டு வைத்திருந்தால், திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் வேறு மாநிலத்திலும் செல்லும். ஆஸ்பத்திரியில் ‘ஆரோக்கிய மித்ர’ (திட்டத்தின் உதவியாளர்) மேஜை எங்கே என்று கேட்டு, பணம் கட்டும் முன் அங்கே போங்கள். கட்டிய பிறகு போனால் திரும்ப வராது.

10. இன்சூரன்ஸ்: நாட்களை எண்ணுங்கள்

பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆனால் பாலிசி தராது. ‘இன்வெஸ்டிகேஷன் அண்ட் எவாலுவேஷன்’ என்று விலக்குப் பட்டியலிலேயே இருக்கும். ஆனால் அதே நோய்க்குப் பிறகு ஆபரேஷனுக்கு அட்மிட் ஆனால், அதற்கு முந்தைய 30 அல்லது 60 நாள் செலவைப் பல பாலிசிகள் தரும். அந்த எண்ணை உங்கள் பாலிசியில் இன்றே பாருங்கள்.

எனக்கு 60 நாள். ஆபரேஷன் நடந்தது முதல் மேமோகிராமிலிருந்து 93ஆம் நாள். ஸ்டீரியோடாக்டிக் பயாப்ஸி, மேக்னிஃபிகேஷன் படம், ஸ்லைடு ரிவ்யூ எல்லாம் கணக்குக்குள் வந்தன. முதல் மேமோகிராம் 2,800, அந்த உதவாக்கரை பயாப்ஸி 14,000, முதல் இரண்டு டாக்டர் ஃபீஸ் எல்லாம் வெளியே. அசல் பில், பணம் கட்டிய ரசீது, டாக்டர் சீட்டு, ரிப்போர்ட், நான்கும் ஒன்றாகப் பின் செய்து தேதி வரிசையில் வையுங்கள். நகலில் ஒரு செட் வீட்டில்.

துகள் தெரிந்த பிறகு அவசரமாகப் புதுப் பாலிசி எடுத்து, மேமோகிராம் விஷயத்தை மறைக்க நினைக்காதீர்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டிலேயே முதல் படத்தின் தேதி இருக்கும்.

11. ஆபரேஷன் என்றால், அதற்குப் பிறகும்

பயாப்ஸி முடிவு நல்லது, பொருந்தவும் செய்கிறது என்றால் ரேடியாலஜிஸ்ட் சொல்லும் இடைவெளியில், பெரும்பாலும் ஆறு மாதத்தில், மறுபடி படம். ஆபரேஷன் என்றால் அன்று காலையில் மேமோகிராமைப் பார்த்துக் கம்பி வைத்து, அப்படியே தியேட்டருக்கு அனுப்புவார்கள். வெட்டி எடுத்த துண்டையும் எக்ஸ்ரே எடுத்து, கிளிப்பும் மீதித் துகளும் அதில் வந்துவிட்டதா என்று பார்ப்பார்களா என்று முன்பே கேளுங்கள். நான் மயக்கத்துக்குப் போகும் முன் கடைசியாகக் கேட்டது அதுதான். மயக்க மருந்து டாக்டர் சிரித்துவிட்டார். இறுதி ரிப்போர்ட்டில் ‘மார்ஜின்’, அதாவது புற்றுக்கும் வெட்டிய ஓரத்துக்கும் உள்ள இடைவெளி, எத்தனை மில்லிமீட்டர் என்று இருக்கும். டிசிஐஎஸ்ஸுக்கு 2 மில்லிமீட்டர் இருந்தால் திருப்தி.

மார்பைக் காப்பாற்றி ஆபரேஷன் செய்தவர்களுக்குப் பெரும்பாலும் ரேடியேஷன் இருக்கும். அதற்கு அடையாளமாக உள்ளே சில உலோகக் கிளிப்புகள் வைத்திருப்பார்கள். பயாப்ஸி கிளிப்போடு நிறுத்தியவர்களுக்கும் அது உள்ளேயே இருக்கும். அடுத்த மேமோகிராமுக்குப் போகும்போது கிளிப் இருக்கிறது, இந்தப் பக்கம் இத்தனை என்று டெக்னீஷியனிடம் வாயால் சொல்லி, ஃபாரத்திலும் எழுதுங்கள். தழும்பு இருக்கும் இடத்தில் புதிதாகக் கால்சியம் படிவதும் சகஜம். பழைய சிடிகளை எல்லாம் கையோடு எடுத்துப் போங்கள்.